வேறு யாராவது

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பின்பக்கம் ரயில் பாதை. கண் அயரும்போது ஒரு கோமுட்டர் ரயில் போகும். விழிக்கும்போது இன்னொன்று போகும். நடுவில் எத்தனை போயின என்று தெரியாது. அந்த அரைத் தூக்கத்தில்தான் நான் செய்தியாக எழுதிய ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் கோபமாக வருவதில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

போன மாதம் அப்படியொரு மத்தியானம் துர்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த அதே நாளிதழில் இப்போது நிருபராக இருக்கிறாள். திருநீறு பூசாமல் வீட்டை விட்டுக் கிளம்பாத பெண். நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் இறந்தவரின் முகம், அவர் மனைவிக்குத் தகவல் போகும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டதாம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இவள் செய்தி எழுத வேண்டியிருந்ததாம்.

“ஆன்டி, காலையில சாமி கும்பிட்டுட்டு வந்து இந்த வேலைய எப்படிலா பார்க்கறது? நீங்க கோயிலுக்கும் போவீங்க, செத்த வீட்டுக்கும் போவீங்க. எப்படிப் போனீங்க? எனக்கு முடியல.”

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியாதவள் நான்.

என் பெயர் செசிலியா. அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில் சாயங்காலம் ஆனால் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். முதலில் செபமாலை, பிறகு அப்பா தமிழ் நாளிதழைச் சத்தமாகப் படிப்பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்லுவார். அதனால் சின்ன வயதில் எனக்கு எது செபம், எது செய்தி என்று குழம்பும். பள்ளி முடித்து அந்த நாளிதழுக்கே மெய்ப்புத் திருத்தும் வேலைக்குப் போனேன். பிழை பார்த்துப் பார்த்து இரண்டு வருடம் ஓடியது. பிறகு நீதிமன்றம், நகராண்மைக் கூட்டம், மருத்துவமனை என்று நிருபராக அலையவிட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேருந்துகளில் நின்றேன், கால் வலித்தது, கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் செய்தி ஆசிரியர் மாணிக்கம் சார். கடவுள் இல்லை என்பவர். சட்டைக் கையை முழங்கைக்கு இரண்டு விரல் கீழே, இரண்டு பக்கமும் ஒரே அளவாக மடித்திருப்பார். எல்லோரும் சிவப்பு மையில் திருத்தினால் அவர் பென்சிலில் திருத்துவார். நாம் கொடுத்த தாளை உதடு அசையப் படிப்பார். ஏதாவது ஒரு வார்த்தை வந்ததும் உதடு நின்றுவிடும். பென்சில் நுனியால் அந்த வார்த்தையின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். தப்பு என்று சொல்ல மாட்டார். “யாரு சொன்னா?” என்பார். அவ்வளவுதான். மேசையில் பால் சேர்க்காத கோப்பி ஓ குவளை மேல் சாசரைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது ஆறிப் போகும் வரை குடிக்கவும் மாட்டார்.

நான் சேர்ந்த முதல் மாதம் என்னை ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்குப் போட்டார். பூசைக்குப் போக வேண்டும் என்று கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “உங்க கோயில்ல சனிக்கிழமை சாயங்காலமும் பூசை இருக்குல்ல? விசாரிச்சுட்டேன்” என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எந்தப் பரபரப்பு இருந்தாலும் ஐந்து மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “செசிலி, கிளம்பு. உங்க ஆளு காத்துக்கிட்டு இருப்பாரு” என்பார். கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை கூட மறந்ததில்லை.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமைக்கு நான் கட்டுரை எழுதினேன். ‘நம் ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள்’ என்று ஆரம்பித்திருந்தேன். மாணிக்கம் சாரின் உதடு முதல் வார்த்தையிலேயே நின்றது. பென்சில் ‘நம்’ மேல் தட்டியது.

“யாரோட ‘நம்’?”

“எங்களோட, சார்.”

“பேப்பர் யாரோடது? படிக்கிறவங்களோடது. அதுல முருகனைக் கும்பிடறவர் இருக்காரு, தொழுவறவர் இருக்காரு, என்னை மாதிரி ஒருத்தனும் இருக்கான். உன் ‘நம்’முக்குள்ள நாங்க எப்படி நுழையறது?”

அதை அடித்துவிட்டு ‘கிறிஸ்தவர்கள் நம்புகிறபடி’ என்று எழுதினார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். சேவல் கூவும் முன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடரின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த நாள் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அவரு ‘நம்’ம அடிச்சா ஆண்டவர் உன்னை விட்டுப் போயிடுவாராம்மா? நீ உள்ள வெச்சுக்கோ. தாளுக்கு என்ன தெரியும்?” என்றார். அதன்பின் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். உள்ளே ஒன்று, தாளில் ஒன்று. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் குடியிருப்பவர்கள் மாதிரி. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

இறப்பு வீட்டுக்குப் போவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தக் கூடாது. இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். குறிப்பேடு பைக்குள் இருக்க வேண்டும். யாராவது உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். ‘எப்படி இருக்கிறது உங்களுக்கு’ என்று கேட்கவே கூடாது. ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும், அவர்களே சொல்லுவார்கள். படம் கேட்டால் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வரக் கூடாது. சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் வைத்து அங்கேயே நகல் எடுத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். இது புகைப்படக்காரர் ஜமால் அண்ணனின் சட்டம். லுஹர் என்கிற மதியத் தொழுகையை எந்த வேலைக்காகவும் விடாத மனிதர். நான் அவர் காரில் செபமாலை சொல்வேன். அவர் வானொலியைத் தணித்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே மாணிக்கம் சாரின் சட்டம் ஒன்று இருந்தது. தகப்பன் பெயர் இல்லாமல் பெயர் போடக் கூடாது. “இந்த நாட்டுல எத்தனை சுப்பிரமணியம், எத்தனை முனியாண்டி! தகப்பன் பேரு தெரியலன்னா நமக்கு ஆளே தெரியலன்னு அர்த்தம்” என்பார்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு மழை நாள். கைப்பேசி எல்லோரிடமும் இருந்தது. ஆனால் அதில் படம் அனுப்பும் பழக்கம் இன்னும் வரவில்லை. கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கின் கூரை இடிந்து விழுந்துவிட்டது என்று காலையிலேயே தகவல் வந்தது. ஜமால் அண்ணனும் நானும் கிளம்பினோம். சுபாங் ஜெயா தாண்டும்போது மழை இன்னும் பெருத்தது. முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் தண்ணீருக்குள் எரிவது போலத் தெரிந்தது. கார் ஓடுகிறதா, மிதக்கிறதா என்று சொல்ல முடியாது.

கிடங்கு வாசலில் நான்கு பேர் சிக்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். காயம்பட்ட மூன்று பேரைக் கிள்ளான் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவர் அங்கேயே இறந்துவிட்டார். மேற்பார்வையாளர் நனைந்துபோன வருகைத் தாளைக் காட்டினார். எல்லாம் கூப்பிடும் பெயர்கள்தான், பாதி மை கரைந்து அழிந்திருந்தது. இறந்தவர் பெயர் சரவணன் என்றார்.

வாசல் காவலுக்கு நின்ற தமிழர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “சரவணன்னா நம்ம லெட்சுமி அக்கா மகன்தான். பாவம்லா, அப்பா இல்லாத பையன். வீடு இங்க பக்கத்துலதான், அடுக்கு வீடு.” வீட்டு எண்ணையும் கொடுத்தார்.

மாணிக்கம் சாருக்கு அழைத்துச் சொன்னேன்.

“தகப்பன் பேரு?”

“கிடைக்கல, சார். ஆனா காவலாளி வீட்டையே சொல்லிட்டாரு.”

“அப்ப நமக்கு ஆளு தெரியல. போ. ஆனா நீயா எதுவும் சொல்லாதே. கேளு.”

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. லெட்சுமி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கைப்பேசி, ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“பேப்பர்ல இருந்து வரீங்களா? என் மகனுக்கு என்னம்மா?”

“அக்கா, எனக்கு இன்னும் சரியா தெரியல.”

மாணிக்கம் சாரின் சட்டப்படி அது உண்மை. ஆனால் என் மனதுக்குள் அந்தப் பையன் இறந்திருந்தான். அவனுடைய காலைத் தேநீர்க் குவளை மேசையில் இருந்தது; அதை நான் இறந்தவனுடைய குவளையாகத்தான் பார்த்தேன். கூரை விழுந்த இடத்தை மனதில் எழுதவும் தொடங்கிவிட்டிருந்தேன்.

“மகனோட முழுப் பேரு என்னக்கா?”

“சரவணன். அவங்கப்பா பேரு கோவிந்தன்.” சுவரில் இருந்த படத்தைக் கழற்றி ஜமால் அண்ணன் கையில் வைத்தார். “இதுதான்யா என் மகன். ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த மூஞ்சி இருக்கான்னு பாருங்கய்யா. எனக்குக் காலு வரல.”

நகல் எடுக்கக் கேட்க வேண்டிய படம், கேட்காமலே வந்துவிட்டது. ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு படத்தைச் சட்டைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் இருந்துவிட்டேன். அந்த அம்மாவைத் தனியே விட்டு வர முடியவில்லை.

லெட்சுமி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து சாமி அறைக்கு இழுத்துப் போனார். அறை என்று சொல்வதற்கில்லை. சமையலறை மூலையில் ஒரு பலகை. அம்மன் படம், எலுமிச்சை மாலை, ஒரு சின்ன விளக்கு.

“கும்பிடும்மா. நீயும் கும்பிடு.”

“அக்கா, நான் வேதக்காரி.”

“யாரா இருந்தா என்னம்மா? ரெண்டு பேரு கேட்டா ஒருத்தருக்காவது காது கேக்கும். கேளும்மா!”

கண்ணை மூடினேன். சன்னலுக்கு வெளியே மழை. பக்கத்தில் அவர் “தாயே, தாயே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் ஆண்டவரிடம் கேட்டேன். அதுவரை வேலை நேரத்தில் அவரிடம் நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை. எந்த வார்த்தையில் கேட்டேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளையாக இருக்க வேண்டாம். வேறு யாராவதாக இருக்கட்டும்.’

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. நனைந்த சேலையின் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து, அந்த மூலை எங்கேயோ நகர்ந்து போவது போல இருந்தது. என் கைப்பேசி அடித்தது.

“செசிலி, உசிரோட இருக்கான்!” ஜமால் அண்ணனின் குரல் உடைந்திருந்தது. “காலு ஒடஞ்சிருக்கு. நல்லா பேசறான். நானே பேரு கேட்டேன். கோவிந்தன் மகன்னு சொல்றான். அம்மாகிட்ட சொல்லு, சீக்கிரம் சொல்லு.”

சொன்னேன். லெட்சுமி அக்கா நின்ற இடத்திலேயே தரையில் விழுந்து அம்மனைக் கும்பிட்டார். “காப்பாத்திட்டா! என் தாயி காப்பாத்திட்டா!” என்று எழுந்து, குங்குமத்தை அள்ளி என் நெற்றியில் அப்பினார். நான் விலகவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன். ஆண்டவர் என் சொல்லைக் கேட்டுவிட்டார் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. என் நினைவில் அவ்வளவு இனிப்பாக ஒரு செபம் முடிந்ததில்லை.

கைப்பேசியை நான் இன்னும் அணைக்கவில்லை. அதைக் காதில் வைத்தபோது ஜமால் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் குரல் வேறு.

“செசிலி, செத்தவன் பேரும் சரவணன்தான். ராமையா மகன். அங்க இவனைச் சின்ன சரவணன்னும் அவனைப் பெரிய சரவணன்னும் கூப்பிடுவாங்களாம். வீடு பந்திங்ல. போகணும்.”

ஜமால் அண்ணன் திரும்பி வந்து படத்தைக் கொடுத்ததும், மருத்துவமனைக்குப் போகும் பக்கத்து வீட்டார் காரில் லெட்சுமி அக்காவை ஏற்றிவிட்டு, நாங்கள் பந்திங் சாலையைப் பிடித்தோம். மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். மரத்துக்கு மரம் இருட்டு. நடுவே நீராவி மாதிரிப் புகை. ஒரு மரமும் இன்னொரு மரமும் ஒரே மாதிரி. போகிற சாலைக்கு முடிவே இல்லாதது போல இருந்தது. நான் செபமாலையை எடுத்தேன். முதல் மணியைப் பிடித்தவுடன் கை நின்றுவிட்டது. ‘வேறு யாராவது’ என்று நான் கேட்டிருந்தேன். அந்த வேறு யாரோவின் வீட்டுக்குத்தான் இப்போது போகிறேன்.

பந்திங் ஊருக்குள் நுழையும்போது ஜமால் அண்ணன் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி முழுக்கக் குங்குமம். ஒரு தாயின் நன்றியை நெற்றியில் வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க முடியாது. துடைத்தேன். நிறம் சீக்கிரம் போகவில்லை.

ராமையா அங்கிள் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். போலீஸ் தகவல் சொல்லிவிட்டுப் போயிருந்தது. வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்.

“மன்னிக்கணும் அங்கிள். நாங்க முன்னாடியே வந்திருக்கணும். பேரு ஒண்ணா இருந்ததால மொதல்ல கிள்ளானுக்கு, இன்னொரு சரவணன் வீட்டுக்குப் போயிட்டோம்.”

இதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்ல வேண்டிய அவசியமில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டுப் பாவத்தைச் சொல்லும் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அந்த வீட்டுல யாரு இருந்தாங்க?”

“அவங்க அம்மா, அங்கிள்.”

“பயந்து போயிருப்பாங்களே.” அவர் கை முழங்காலில் அசைந்தது. “இப்ப தெரியுமா அவங்களுக்கு? மகன் நல்லா இருக்கான்னு யாராச்சும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டோம் அங்கிள்.”

“அப்ப சரி” என்றார்.

அதன் பிறகுதான் தன் மகனைப் பற்றிச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் வருவானாம். வந்தால் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவானாம். நான் குறிப்பேட்டை எடுக்கவே இல்லை. அவர் கொடுத்த படத்தில் இரண்டு சரவணன்களும் மஞ்சள் தொப்பியோடு தோளில் கை போட்டு நின்றிருந்தார்கள். ஜமால் அண்ணன் அதைச் சன்னலில் வைத்து, ஒருவன் மட்டும் வரும்படி எடுக்கப் பார்த்தார். தோளில் கிடந்த மற்றவன் கையை மட்டும் விலக்க முடியவில்லை. அப்படியே எடுத்தார்.

சாயங்காலம் அலுவலகத்தில் செய்தியைக் கொடுத்தேன். மாணிக்கம் சாரின் உதடு நிற்காமல் கடைசி வரை போனது. பக்கம் அமைப்பவர் தலைப்பு போட்டுக் கொண்டுவந்திருந்தார்: ‘அம்மன் காப்பாற்றினாள்’ – தாய் ஆனந்தக் கண்ணீர்.

“சார், அந்தத் தலைப்பு வேண்டாம்.”

“அவங்க சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க.”

“நீ காதால கேட்டியா?”

“கேட்டேன்.”

“அப்புறம் என்ன? மேற்கோள் குறி போட்டிருக்கு. எனக்கே ஆட்சேபணை இல்ல, சாமி இல்லங்கறவனுக்கு. உனக்கென்ன, நம்பிக்கை இல்லையா?”

“இருக்கு சார். அதனாலதான். நம்ம பேப்பர் பந்திங்குக்கும் போகுது.”

அவர் பென்சிலை எடுத்தார். தட்டவில்லை. தலைப்பின் மேல் ஒரே கோடு போட்டார். ‘கிடங்குக் கூரை இடிந்து சரவணன் த/பெ ராமையா மரணம்’ என்று கீழே எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“அந்த வீட்டுல நீயும் கும்பிட்டியா?”

அத்தனை வருடத்தில் என் செபத்தைப் பற்றி அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் கேட்டதை, கேட்ட வார்த்தையிலேயே சொன்னேன். அவர் சாசரை எடுத்து, ஆறிப்போன கோப்பியைப் பார்த்து, மறுபடி மூடி வைத்தார்.

“‘வேறு யாராவது’ன்னு ஒருத்தன் கிடையாது, செசிலி. எல்லாருக்கும் தகப்பன் பேரு இருக்கு.”

பல வாரம் எனக்குச் செபம் வரவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மாணிக்கம் சார் கடிகாரத்தைப் பார்ப்பார், நான் கிளம்புவேன், கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாய்ச்சொல்லால் ஒருவன் செத்தான் என்று நான் நினைக்கவில்லை. நான் கண்ணை மூடும் முன்பே அவன் போய்விட்டிருந்தான். என்னைக் குத்தியது அது இல்லை. ஆண்டவரிடம் நின்றபோது நான் ஒரு பிள்ளையின் பெயரைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவனைப் பெயரில்லாமல் தள்ளிவிட்டேன். தாளில் நான் செய்யத் துணியாததை ஆண்டவர் முன்னால் செய்திருந்தேன். அலுவலகத்தில் வேலையாகக் கற்றுக்கொண்டதைக் கோவிலுக்குள் கொண்டுபோகாமல் வெளியே செருப்போடு விட்டுவிட்டேன் என்பது அந்தக் கடைசி வரிசையில்தான் புரிந்தது. பிறகு மெல்ல ஒரு பழக்கம் வந்தது. இறப்புச் செய்தி எழுதினால், இறந்தவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒரு முறை சொல்வேன். வேறொன்றும் கேட்பதில்லை. தனித்தனி அறையில் இருந்த இரண்டு பேரும் அதன் பிறகு ஒரே அறைக்கு வந்துவிட்டார்கள். துர்காவுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான். வழி என்று சொல்ல மாட்டேன், எனக்கு நடந்தது இது.

ஆனால் அந்த இடைப்பட்ட வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. அதை நான் எங்கேயும் எழுதியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் லெட்சுமி அக்கா அலுவலகத்துக்கு அழைத்தார்.

“பேப்பர்ல பார்த்தேம்மா, அந்தப் புள்ளையோட படத்தை. தோளு மேல கிடக்கறது என் மகன் கை. ரெண்டு வாரமா எனக்குச் சோறு எறங்கல. இவன் போகணும் போகணும்னு நிக்கறான். எனக்கு அந்த வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு தெரியல. நீ கூட வர்றியாம்மா?”

மாணிக்கம் சாரிடம் விடுப்புக் கேட்டேன். “எழுதறதுக்குப் போறியா, போறதுக்குப் போறியா?” என்றார். போவதற்கு என்றேன். கையை நீட்டினார். குறிப்பேட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

வெயில் நாள். பந்திங் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஐயர் பூசை முடித்துக் கிளம்பிவிட்டிருந்தார். உள்ளே இலை போடும் சத்தம். சரவணன் இரண்டு ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கி, வெளிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அதற்கு மேல் அவனால் வர முடியவில்லை, கால் காரணமில்லை. லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

ராமையா அங்கிள் வெளியே வந்தார். நரைத்த தலை, வெள்ளை வேட்டி. கன்னத்தில் இரண்டு வாரத்துத் தாடி. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். யார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணே…” என்றார் லெட்சுமி அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“வாம்மா. வெயில்ல நிக்காதே. அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டியா?”

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். உள்ளிருந்து இரண்டு பெண்கள் வந்து தூக்கினார்கள். பெரியவர் கேட் பக்கம் பார்த்தார். ஊன்றுகோலில் சாய்ந்து, தலையைக் குனிந்து நின்ற பையனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தது தப்போ என்று நினைத்தேன். உள்ளே நாற்காலி ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பந்தி வரிசையின் ஓரத்தில், கால் மடக்க முடியாதவன் உட்காருவதற்காக ஒரு நாற்காலியும் அதற்கு முன்னால் ஒரு சின்ன மேசையும் அவரே போட்டுக்கொண்டிருந்தார். அதன்மேல் இலையை விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, வாசலைப் பார்த்து, வீட்டு ஆளைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார்.

“சரவணா! சாப்பிட வாய்யா.”

பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். பதினாறு நாளாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சிமெண்டில் ஊன்றுகோல் இரண்டு தட்டு தட்டியது.

“தோ வரேன்ப்பா.”